ஒட்டுப் போடலாம், மாற்றக் கூடாது

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் ஞானசீலன் தெருச் சன்னல் இடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆம்பளைகள் லாரியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபித் தம்ளரோடு பின்னால் நின்றேன். "சோணை ஏறிட்டான். அவன் மாமன் ஏறிட்டான். நல்லகாமன்தான் இன்னும் ஏறல, துண்டைத் தேடுறாரு" என்று கிசுகிசுத்தார். மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க், ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைப் பை ஏந்துகிறவர், இப்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேவு பார்ப்பதைப் போதகர் ஐயா பார்த்தால் என்ன நினைப்பார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும், அதனால் அடக்கிக்கொண்டேன். லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். அலங்காநல்லூருக்கு மாட்டை முந்தின நாள் சாயங்காலமே ஓட்டிப் போய்விட்டார்கள். இவர் திரும்பி, காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சுருளி இன்னும் வரலயே" என்று வாசலுக்கும் உள்ளறைக்கும் நடக்க ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். ஆனையூரில் எங்கள் வீடு நிற்கிற இடம் ஒரு காலத்தில் நல்லகாமனுடைய அப்பாவின் நிலம். அவரிடம் வாங்கி என் மாமனார் வீடு கட்டினார். தெற்குச் சுவரை எல்லை மேலேயே எழுப்பி, அதில் ஒரு சன்னலும் வைத்துவிட்டார். அந்தக் காலத்து மனிதர்கள், வாய்ப்பேச்சோடு முடிந்தது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு நல்லகாமன் அந்தச் சுவரை ஒட்டித் தன் பக்கம் ஒரு அறை கட்ட வேண்டும் என்றார். எங்கள் உள்ளறைக்கு அந்த ஒரு சன்னல்தான். எனக்கு இளைப்பு. மார்கழி பிறந்தால் படுக்க முடியாது, சன்னலோரம் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தபடிதான் தூங்குவேன். சண்டை முற்றித் தெருப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சன்னல் இருக்கிற வரைக்கும் நல்லகாமன் அதை மறைத்துக் கட்டக் கூடாது. சன்னல் விழுந்துவிட்டாலோ, நாங்களே எடுத்துவிட்டாலோ, அந்த இடத்தில் புதுசாக வைக்கக் கூடாது, அவர் கட்டிக்கொள்ளலாம். ஒட்டுப் போடலாம், மாற்றக் கூடாது. இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து நல்லகாமனும் இவரும் பேசிக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சன்னலை நாங்கள் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற தாயைக்கூட யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். கரையானுக்கு மண்ணெண்ணெய் தடவினோம். கழன்ற கம்பியைக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டினோம். கதவுக்குத் தகரம் அடித்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை இவர் மரக்கடைப் பக்கம் போய் விலை விசாரித்துவிட்டு வருவார். தேக்கு என்ன விலை, கோங்கு என்ன விலை, இரும்புச் சன்னல் என்ன விலை என்று சாப்பிடும்போது ஒப்பிப்பார். கடைசியில், "இந்த வருஷம் வேணாம் பாக்கியம், விலை கொஞ்சம் இறங்கட்டும்" என்பார். எந்த மரம் எந்த வருஷம் விலை இறங்கியது? பயந்தது விலைக்கு இல்லை, நல்லகாமனுக்கு என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போன மார்கழி மழையில் ஒரு கதவு தானாகக் கழன்று பக்கத்து வீட்டு முற்றத்தில் விழுந்தது. நல்லகாமன் வீட்டில் இல்லை. அவர் பெண்சாதி ரெங்கம்மாள் அதை எடுத்து, முந்தானையால் சேற்றைத் துடைத்து, சன்னல் வழியாகவே என்னிடம் நீட்டினாள். அவர் இல்லாத நேரமாகப் பார்த்தால் முடியும் என்று அன்றைக்குத்தான் இவருக்குத் துணிச்சல் வந்தது. இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் பழைய தேக்குச் சன்னல் ஒன்றைப் பேசி முடித்தார். பீரோ வாங்க வேண்டும் என்று நான் சேர்த்த சீட்டுப் பணம் அதற்குப் போனது. சன்னலைக் கோணி போட்டு மூடிக் கைவண்டியில் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தார். அது முதல் நான் ஒரு சன்னலுக்குப் பக்கத்திலும் இன்னொரு சன்னலுக்கு மேலும் தூங்கினேன்.

ஜல்லிக்கட்டு அன்றைக்கு நல்லகாமன் வீட்டில் ஒரு ஆம்பளையும் இருக்க மாட்டான், காலையில் பேர்த்துச் சாயங்காலத்துக்குள் வைத்துப் பூசிவிடலாம், வெள்ளையடித்துவிட்டால் பழசா புதுசா என்று யார் கண்டது. இது இவருடைய திட்டம். கேட்டபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஜல்லிக்கட்டுப் பக்கமே போகாதவர்கள். அன்றைக்கு மத்தியானம் நன்றாகத் தூங்குவோம். அவ்வளவுதான் எங்களுக்கும் அந்த நாளுக்கும் சம்பந்தம்.

கொத்தனார் சுருளி வெயில் ஏறித்தான் வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், வேலைக்கு வருகிறவன் எதற்குப் புதுச் சட்டை போடுகிறான்? சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டத்தைச் சுற்றிக் காரையைக் கொத்தினான். உள்ளே வெறும் மண். நாலு கொத்தில் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. அடிச்சட்டத்தைக் கரையான் எப்போதோ தின்று முடித்திருந்தது, மேலே இருந்த வண்ணம்தான் அதை மரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சுருளி ஒரு உந்து உந்தினான். சன்னல் முழுசாக அந்தப் பக்கம் போய், நல்லகாமன் முற்றத்தில் மல்லாந்து விழுந்தது. எங்கள் உள்ளறையில் அதுவரை நான் பார்த்தே இராத அளவுக்கு வெளிச்சம். சுருளி கையைத் தட்டிக்கொண்டு சட்டையை எடுத்து மாட்டினான்.

"எங்கப்பா கிளம்புற?" என்றார் இவர்.

"அண்ணே, செத்த நேரத்துல வாரேன். மாடு அவுத்துருப்பாய்ங்க."

"என்னது?"

"அலங்காநல்லூர்ணே! இன்னைக்குப் போகாம எப்படிணே? பேத்தாச்சுல்ல, வைக்கிறது எம்புட்டு நேரம்? வந்து வச்சிருவோம்." சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டான். இவர் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினார். யாரோ ஒருவனுடைய சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு சுருளி போயே போய்விட்டான். நல்லகாமன் போவார் என்பது வரைக்கும் யோசித்த மனுஷனுக்கு, கொத்தனாரும் இந்த ஊர்க்காரன்தான் என்பது தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, ஆனால் அந்த நேரத்தில் நான் இவரைத்தான் திட்டினேன். தேக்குச் சன்னலைத் தூக்கிப் பார்த்தோம், முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. வேறு கொத்தனாரைத் தேடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். தெருவில் பொம்பளைகளும் கிழவர்களும் தவிர ஆளில்லை. கடைசியில், "நான் போய் அவனைக் கூட்டிட்டு வந்துர்றேன்" என்று சைக்கிளை எடுத்தார். அந்தக் கூட்டத்தில் ஒருத்தனைத் தேடுவதாவது! ஆனால் வீட்டில் உட்கார்ந்து அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. எனக்கு மட்டும் முடியுமா என்று அவர் கேட்கவில்லை.

போர்வையை எடுத்து ஓட்டையின் குறுக்கே கட்டினேன். காற்று அதைக் கப்பல் பாய் மாதிரி ஊதி அந்தப் பக்கம் தள்ளியது. யாரையோ கொடி காட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கவே அவிழ்த்துவிட்டேன். உள்ளே விழுந்த காரையைக் கூட்டினேன், புழுதி நெஞ்சில் இறங்கியது. உட்கார்ந்தேன், எழுந்தேன். வாசலுக்குப் போனேன். அங்கே போனால் உள்ளே யாரோ வந்துவிட்டதாகத் தோன்றியது, திரும்ப வந்தேன். சோறு வைத்தேன், இறக்க மறந்து அடிப்பிடித்தது. எங்கேயோ ஒலிபெருக்கியில் பாட்டு. ஓட்டை வழியாக நல்லகாமன் முற்றம் முழுசும் தெரிந்தது. வைக்கோல் போர், தொட்டி, மாடு கட்டுகிற முளை. இதெல்லாம் நான் எப்போதும் பார்க்கிறவைதான். சுவரோரமாக அடுக்கியிருந்த செங்கல்தான் புதுசு. சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாத மூலையில், மேலே தென்னங்கீற்றுப் போட்டு மூடி, நல்லகாமன் அதை இறக்கி வைத்திருந்தார். அவரும் எங்களை மாதிரியே ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

காலையில் வெளியே போயிருந்த ரெங்கம்மாள், வெயில் சாய ஆரம்பித்த நேரம் திரும்பி, கழனித்தண்ணி வாளியோடு மாட்டுக் கொட்டத்தை விட்டு வெளியே வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். நான் ஒளிந்துகொள்ளவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. புருஷன்மார் பேச்சை விட்ட பிறகும் நாங்கள் இரண்டு பேரும் இந்தச் சன்னல் வழியாகப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு போகும், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வரும். நல்லகாமன் கண்டித்த பிறகு அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசினோம். ஆனால் கம்பி இல்லாமல் அவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கிட்டே வர வர, அவள் தலை என் பார்வையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனது. எங்கள் தரை உயரம், அவர்கள் முற்றம் பள்ளம். சுவரடியில் கவிழ்ந்து கிடந்த உடைந்த உரலின் மேல் அவள் ஏறி நின்ற பிறகுதான் முகம் எனக்கு நேராக வந்தது. இத்தனை வருஷமும் கல் மேல் ஏறி நின்றுதான் என்னோடு பேசியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"பேத்துட்டீகளா டீச்சர்?" என்றாள்.

"சுருளி பாதியில போயிட்டான்க்கா. மாடு பாக்க."

"இன்னைக்கு எவன் வேலைக்கு நிப்பான்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா சொல்லியிருக்க மாட்டேனா?"

அதுதான் சுருக்கென்று தைத்தது. அவளிடம் நான் எல்லாம் சொல்லியிருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை தங்காமல் போனதைக்கூட இங்கே நின்றுதான் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. அவள் தலையை உள்ளே நீட்டி அறையைப் பார்த்தாள். கட்டில், ஆவி பிடிக்கிற சட்டி, சுவரில் காலண்டர். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"இங்ஙனதேன் படுப்பீகளா? ராத்திரி நீங்க இழுக்கிறது எனக்குக் கொட்டத்துல கேக்கும்."

"கொட்டத்துலயா படுக்கிறீங்க?"

"வேற எங்க படுக்க? உள்ள ஒரு ரூம்பு. வைகாசியில சோணைக்குக் கல்யாணம். வர்ற பிள்ளை எங்க ஒதுங்கும்? இந்தச் செவத்தையே ஒரு பக்கத்துச் செவரா வச்சுக் கட்டிட்டா செலவு பாதிதேன்னு சொல்லிக்கிட்டு அலையிறாரு." ஓட்டையின் ஓரத்தில் கையை வைத்தாள். மண் உதிர்ந்தது. "இன்னைக்கு நான் ஒண்ணுஞ் செய்ய வேணாம் டீச்சர். சும்மா நின்னாப் போதும். எம் மகனுக்கு ரூம்பு கிடைச்சிரும்."

"எனக்குக் காத்து வேணும்க்கா" என்றேன். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"ஆமா. அந்தப் பிள்ளைக்கும் வேணும்ல" என்றாள் ரெங்கம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றியிருப்பேன்.

அப்போது வெளியே தெருவில் சலங்கைச் சத்தம் கேட்டது. நல்லகாமனுடைய மாடு, மூக்கணாங்கயிறு அறுந்து தொங்க, தனியாக ஓடிவந்து முற்றத்தில் நுழைந்து நின்றது. உடம்பெல்லாம் புழுதி, வாயில் நுரை. கொம்பில் கட்டிய துண்டு கட்டினபடி இருந்தது. யாரும் தொடவில்லை. ரெங்கம்மாள் உரலிலிருந்து குதித்து ஓடி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "யாருகிட்டயும் பிடிபடலயாடா, என் ராசா" என்று அழுதாள், சிரித்தாள். முளையில் கட்டித் தண்ணீர் காட்டினாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"மாடு வந்திருச்சுன்னா ஆளும் பின்னாலயே வந்துரும். உங்க ஐயா எங்க?"

"இன்னும் வரல."

அவள் கொஞ்ச நேரம் செங்கல் அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. அது அவளுக்கும் கேட்டிருக்கும். எதை நினைத்தாளோ, விறுவிறுவென்று வந்து, மல்லாந்து கிடந்த பழைய சன்னலின் ஒரு முனையைத் தூக்கினாள். "பிடிங்க டீச்சர், பிடிங்க" என்றாள். அவள் வெளியிலிருந்து தள்ள, நான் உள்ளிருந்து கம்பியைப் பிடித்து இழுத்தேன். உளுத்த மரம், கனமில்லை. ஆனால் ஓட்டை பெரிசாகிவிட்டது, சன்னல் அதில் ஆடியது. காரைக் கட்டிகளை எடுத்து இடுக்கில் சொருகினேன். கீழே நின்றது, மேலே நிற்கவில்லை. கையை எடுத்தால் அந்தப் பக்கம் சாய்கிறது. ரெங்கம்மாள் வைக்கோலை அள்ளி வந்து கீழே கொட்டிக் கிடந்த மண்ணின் மேல் பரப்பினாள். பரப்பி முடிப்பதற்குள் லாரி வந்துவிட்டது. ஆம்பளைகளின் கூச்சல், விசில்.

அவள் ஓடவில்லை. உரலின் மேல் ஏறித் திரும்பி, முதுகைச் சன்னலில் கொடுத்துச் சாய்ந்து நின்றுகொண்டாள். நான் உள்ளே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன். கதவு இல்லாத பக்கத்தில் வேர்வையில் நனைந்த அவளுடைய ரவிக்கை முதுகு என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"பாத்தியாடி! ஒருத்தன் கை வைக்கல!" நல்லகாமன் குரல் கரகரத்துப் போயிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்க வேண்டும். மாட்டைத் தட்டிக் கொடுக்கிற சத்தம். அப்புறம், "நீ என்ன அங்ஙன ஒட்டிக்கிட்டு நிக்கிற? அந்தம்மாகிட்டப் பேசாதேன்னு எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன்?"

"யாரு பேசுனா? தலை கிறுகிறுன்னு வந்துச்சு. சாஞ்சேன்."

"சாய வேற எடமில்லயா? அது உன் தலையில விழுந்து தொலையப் போகுது."

"விழுந்தா உனக்கு நல்லதுதேன" என்றாள் ரெங்கம்மாள்.

நல்லகாமன் வாய்விட்டுச் சிரித்தார். சந்தோஷத்தில் இருந்தார் மனுஷன். அவர் சிரித்து நான் கேட்டே பல வருஷம் ஆகியிருக்கும். மாடு பிடிபடாத ஒரு நாளில், நேரே போய்க் கேட்டிருந்தால் நல்லகாமன் சரி என்றே சொல்லியிருப்பாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷம் அந்தச் செங்கல் ஞாபகம் வந்தது. அடக்கி வைத்திருந்த இருமலும் வந்தது. காரைப் புழுதியெல்லாம் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி வந்த மாதிரி ஒரு இருமல். உடம்பு குலுங்கியது, கை குலுங்கியது, சன்னல் சட்டம் கடகடவென்று ஆடியது. சொருகி வைத்த கட்டி ஒன்று உருண்டு விழுந்தது. சாய்கிறது, சாய்கிறது என்று என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அந்தப் பக்கமிருந்து ரெங்கம்மாளின் முதுகு அழுந்தியது. சன்னல் நின்றது.

"யாரு இருமுறது?"

"டீச்சர்தேன். அது எந்நாளு இருமாம இருந்துச்சு?"

பிறகு நல்லகாமன், "சோணை, லைட்ட எடுத்துட்டு வாடா. மாட்டுக்குக் காயம் கீயம் இருக்கான்னு பாப்பம்" என்றார். பொழுது மங்கிவிட்டிருந்தது. அரிக்கேன் விளக்கு ஒன்று வீட்டுக்குள்ளிருந்து கிளம்பி முற்றத்தில் ஆடி ஆடி வந்தது. அதன் வெளிச்சம் வைக்கோல் மேல் விழுந்து, செங்கல் மேல் ஏறி, சுவரோரமாக எங்கள் பக்கம் நகர்ந்தது. எனக்குக் கை மரத்துப் போனது. இனி ஒரு இருமல் வந்தால் பிடிக்க முடியாது.

அப்போது கதவு இல்லாத அந்த இடைவெளி வழியாக, ரெங்கம்மாள் திரும்பாமலே, கையை முதுகுப் பக்கமாக உள்ளே விட்டாள். கண்ணாடி வளையல் கம்பியில் உரசியது. துழாவி, என் கைக்குக் கீழே கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சாணி வாசம் அடிக்கிற கை. மகனுடைய கல்யாணத்துக்கு அறை வேண்டும் என்று சொன்ன அதே ரெங்கம்மாள்.

தெருமுனையில் சைக்கிள் மணி அடித்தது. இவருடைய மணி, அந்த ஓட்டை மணி எனக்குத் தெரியும். கூடவே சுருளியின் குரல், குடித்துவிட்டு வாய் குழறத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"டீச்சர்! வந்துட்டேன் டீச்சர்! புதுச் சன்னல வெளியில எடுத்து வைங்க!"

முற்றத்தில் விளக்கு நின்றது. கம்பியில் ரெங்கம்மாளின் விரல்கள் இன்னும் இறுகின.